52 வரிசை கரி எஞ்சின், 1/35 அளவில்: கட்டி முடித்துச் சில வருடங்கள் கழித்து

மாடல் கிட்டைப் பிரித்த கையோடு எழுதப்படும் விமர்சனங்கள் நிறையவே இருக்கின்றன. கட்டி, பெயின்ட் அடித்து, அழுக்கேற்றி, சென்னையின் வெயிலையும் ஐப்பசி மழையையும் சில வருடங்கள் பார்த்த பிறகு மாடல் என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதுபவர்கள் குறைவு. எனக்கு அன்று தேவைப்பட்டது அந்த விவரம்தான். இப்போது தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மாடல், ஜெர்மனியின் 52 வரிசை நீராவி எஞ்சின். டெண்டரோடு (கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் வண்டி) சேர்த்து நிஜ நீளம் 22.975 மீட்டர். 35-ஆல் வகுத்தால் 65 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். கிட்டுக்குப் பணம் கட்டும் முன் அலமாரியை அளந்துகொள்ளுங்கள்.

இந்த எஞ்சினைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. 1942-ல் இருந்து போர்த் தேவைக்காக அவசர அவசரமாக 6,000-க்கும் மேல் கட்டினார்கள். அதற்கு முந்தைய 50 வரிசையில் இருந்த சுமார் 6,000 பாகங்களில் ஏறக்குறைய 1,000 பாகங்களை அடியோடு விட்டுவிட்டார்கள். பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் கிடையாது, தண்ணீரை உள்ளே செலுத்த இரண்டு இன்ஜெக்டர்கள் மட்டும். ரஷ்யக் குளிரைத் தாங்க மூடிய கேபின். டெண்டருக்குத் தனி ஃபிரேம்கூட இல்லாமல், தொட்டியையே உடம்பாக வைத்துவிட்டார்கள். சில வருடம் ஓடினால் போதும் என்று செய்த வண்டி, கிழக்கு ஜெர்மனியில் 1980-கள் வரை வேலை பார்த்தது. போலந்து, ஆஸ்திரியா, துருக்கி என்று பல நாடுகளிலும் ஓடியது. போஸ்னியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்த நூற்றாண்டிலும் இதைப் பார்க்க முடிந்தது. நான் கட்டியது போருக்குப் பின், கிழக்கு ஜெர்மனியில் சரக்கு இழுத்துக் களைத்த வண்டி. போர்க்காலச் சின்னம் எதையும் ஒட்டவில்லை. அந்த எஞ்சினின் உழைப்புதான் எனக்கு வேண்டியிருந்தது.

கட்டுமானத்தில் நேரத்தை வாங்குவது இரண்டு இடங்கள். ஒன்று, பாய்லரின் இரு பாதிகளும் சேரும் கோடு. மேல் பக்கத்தில் டோம், குழாய், கைப்பிடி எல்லாம் நெருக்கமாக இருப்பதால், அவற்றை ஒட்டுவதற்கு முன்பே பட்டி வைத்து, தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போட்டு முடித்துவிட வேண்டும். இன்னொன்று சக்கரங்கள். பத்து இயக்கச் சக்கரங்கள், நிஜத்தில் 1,400 மில்லிமீட்டர் விட்டம், மாடலில் 40. சக்கரத்தில் ராட் மாட்டும் முளைதான் கிராங்க் பின். இடப்பக்கக் கிராங்க் பின்னும் வலப்பக்கக் கிராங்க் பின்னும் 90 டிகிரி விலகி நிற்க வேண்டும். இரண்டு பக்கப் பிஸ்டனும் ஒரே நேரத்தில் கோடியில் நின்றுவிட்டால் வண்டியைக் கிளப்பவே முடியாது என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. ஐந்து அச்சிலும் இந்தக் கோணம் ஒன்றுபோல் வந்தால்தான் சக்கரங்களை இணைக்கும் சைடு ராட் சிக்காமல் உட்காரும். ஓடாத மாடல்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள். கோணம் பிசகியிருந்தால் ரயில் தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

குழாய்களுக்கு ஈயக் கம்பி சுலபமாக வளையும் என்று பலர் சொல்வார்கள். நான் மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் எனாமல் பூசிய செம்புக் கம்பியைப் பயன்படுத்தினேன். மூடிய மர அலமாரியில், மரமும் எம்.டி.எஃப். பலகையும் விடும் அமில ஆவி பட்டால் ஈயம் நாளடைவில் வெள்ளைப் பொடியாக உதிரும். கப்பல் மாடல் செய்பவர்களுக்கு இது பழைய தலைவலி. செம்புக் கம்பிகள் போட்ட இடத்தில் போட்டபடியே இருக்கின்றன.

நிறத்தைப் பற்றி. மேலே கருப்பு, கீழே சக்கரமும் ஃபிரேமும் சிவப்பு. சுத்தக் கருப்பை அடித்தால் ரிவெட்டு முதல் குழாய் வரை எல்லாம் ஒரே இருட்டில் போய்விடும். டாமியா நிறுவனத்தின் எக்ஸ்.எஃப்-69 நேட்டோ பிளாக்கை அடித்தளமாக வைத்து, மேல்புறங்களில் எக்ஸ்.எஃப்-63 ஜெர்மன் கிரேயைக் கொஞ்சம் கலந்து ஏற்றினேன். சிவப்புக்கு எக்ஸ்.எஃப்-9 ஹல் ரெட்டில் எக்ஸ்.எஃப்-7 சிவப்பு. மழை நாட்களில் ஏர்பிரஷைத் தொடவில்லை. காற்றில் ஈரம் அதிகமானால் லாக்கர் பூச்சு பால் படிந்ததுபோல் மங்கிவிடும். வெயில் காலத்தில் ஊசி முனையிலேயே பெயின்ட் காய்ந்துபோகும், அதற்கு, காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டு போதும்.

இனி வெதரிங், அதாவது ஓடி அழுக்கான தோற்றத்தைக் கொண்டுவரும் வேலை. இதற்காகத்தான் இந்த கிட்டையே வாங்கினேன்.

போர் டாங்க் மாடலில் பழகியவர்கள் எஞ்சினுக்கும் துருவை அள்ளிப் பூசுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் நீராவி எஞ்சினில் துரு குறைவு, எண்ணெய்ப் பிசுக்கு அதிகம். வெளியே நமக்குத் தெரியும் பாய்லர் உண்மையில் பாய்லரே இல்லை; வெப்பத்தைக் காக்கும் உறைக்கு மேல் போர்த்திய தகடு. அதில் வெந்த துரு வர வழியில்லை. உறையில்லாத இடம் முன்பக்கப் புகைப்பெட்டி. அங்கே பெயின்ட் வெந்து, மங்கி, சாம்பல் நிறமாகும். புகைப்பெட்டிக் கதவைத் திறந்து சாம்பலை வாருவதால் கதவுக்குக் கீழேயும் முன் பலகையிலும் வெளிர் தூள் படிந்திருக்கும். துரு நியாயமாக வரக்கூடிய இடம் சாம்பல் தொட்டியும் அதன் சுற்றுவட்டாரமும்.

அடுத்து வெள்ளைக் கோடுகள். பாய்லர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தண்ணீர் ஆவியான பிறகு அங்கேயே தங்கிவிடும். சேஃப்டி வால்வுக்குக் கீழே, கழுவு துளை மூடிகளின் அடியில், இன்ஜெக்டர் வழியும் இடத்தில், சிலிண்டரில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் காக்குகளைச் சுற்றி அந்தக் கோடுகள் இறங்கும். இதைப் புகைப்படத்தில் பார்ப்பதைவிட நேரில் பார்ப்பது நல்லது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீலகிரி மலை ரயிலை இன்றும் நீராவி எஞ்சின்தான் தள்ளுகிறது. அது மீட்டர் கேஜ், பல்சக்கரம் வைத்த வேறு வகை வண்டி. ஆனாலும் தண்ணீர் எங்கே கசியும், எண்ணெய் எங்கே சொட்டும் என்பதை அங்கே நின்று கற்றுக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள், அங்கே எண்ணெயில் எரியும் எஞ்சின்களும் உண்டு: எண்ணெயில் எரியும் எஞ்சினின் புகைக்கரி பிசுபிசுப்பாகப் பளபளக்கும், நிலக்கரிக் கரி உலர்ந்து மங்கலாக இருக்கும். அந்தப் பளபளப்பைக் கொண்டுவந்து இந்த மாடலில் ஏற்றக்கூடாது.

கனெக்டிங் ராட், சைடு ராட் எல்லாம் அடர் சாம்பல் பெயின்டின் மேல் 6பி பென்சில் கிராஃபைட்டை விரலால் தேய்த்தது. எஃகின் குளிர்ந்த மினுமினுப்பு இதில் வருவதுபோல் எந்த வெள்ளிப் பெயின்டிலும் எனக்கு வரவில்லை. மூட்டுகளில் பர்ன்ட் அம்பர் ஆயில் பெயின்டோடு துளி கிளாஸ் வார்னிஷ், எண்ணெய்க்கு. பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் இரும்புத் தூளுக்காக ஃபிரேமின் கீழ்ப்பகுதியில் மெல்லிய பழுப்பு. தண்டவாளத்தைத் தொடும் விளிம்பு மட்டும் பளிச்சென்று.

டெண்டருக்குக் கரி. இஸ்திரி வண்டிக்காரரிடம் வாங்கிப் பொடிக்கலாம் என்று தோன்றும். அது மரக்கரி, உடைத்தால் ஒளியில்லாமல், நார் நாராகத் தெரியும். நிலக்கரிக்கு உடைந்த முகங்களில் கண்ணாடிபோல ஒரு மினுக்கு உண்டு, அது டெண்டரில் தெரிய வேண்டும். நிஜத்தில் கைப்பிடியளவுக் கட்டி என்றால் மாடலில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அதைவிடப் பெரியதைச் சல்லடையில் தள்ளிவிடுங்கள்.

வருடங்கள் என்ன செய்தன? எனாமலிலும் ஆயிலிலும் போட்ட வெள்ளைக் கோடுகள், போட்ட அன்று இருந்ததுபோலவே இருக்கின்றன. கிராஃபைட் ராடுகளும் அப்படித்தான், தொடாமல் இருக்கும்வரை. கேபின் கூரையில் உலர் பிக்மென்ட்டை (நிறப்பொடி) மட்டும் தேய்த்த புகைக்கரி, தூசி தட்டத் தட்டப் பாதி போய்விட்டது. அதே பிக்மென்ட்டை மேட் மீடியத்தில் குழைத்துப் போட்ட ஃபிரேம் பகுதி அசையவில்லை. வெள்ளைப் பசையில் ஒட்டிய நிலக்கரி, அடைமழை வாரங்களில் தொட்டால் கொஞ்சம் நெகிழ்கிறது. மேலே மேட் வார்னிஷ் பூசிய பகுதியில் அந்த நெகிழ்வு இல்லை. எண்ணெய் மூட்டுகள் தூசியைப் பிடிக்கின்றன. நிஜ எஞ்சினிலும் பிடிக்கும்தான், ஆனால் 1/35-ல் வீட்டுத் தூசி பஞ்சுபோலப் பெரிதாகத் தெரிகிறது. மேக்கப் பிரஷும் பொறுமையும் இருந்தால் எடுத்துவிடலாம். சூப்பர் குளூவில் ஒட்டிய உலோகக் கைப்பிடிகளில் சில, வெயில் காலத்தில் விட்டுக்கொண்டன. துளையிட்டு உள்ளே செருகி ஒட்டியவை ஒன்றுகூட விடவில்லை. எனவே கைப்பிடி எதையும் மேல் ஒட்டாக விடாதீர்கள், 0.5 மில்லிமீட்டர் டிரில் பிட் விலை அதிகமில்லை.

முதல் மாடலாக இதை யாருக்கும் சொல்லமாட்டேன். ரெண்டு மூன்று கவச வண்டிகள் கட்டியவர்கள், ஏர்பிரஷ் பழகியவர்கள் தயங்காமல் எடுக்கலாம். செலவழித்த ஒவ்வொரு மாலையும் எனக்கு நிறைவாகவே இருந்தது. டெண்டரை எஞ்சினோடு ஒட்டாமல் கொக்கியில் மட்டும் மாட்டி வையுங்கள். வீடு மாறும்போது இரண்டையும் தனித்தனியாகத் தூக்கலாம். தூக்கும்போது பக்கப் பலகையில் கை வைக்காமல், சக்கரங்களுக்கு மேலே உள்ள ஃபிரேமைப் பிடியுங்கள். அலமாரிக் கண்ணாடிக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று, மழைக்காலம் தொடங்கும்போது புதிதாக மாற்றி வைத்தால் போதும்.