சார்ஜ் போடும் ஆர்ஐசி காது மெஷின்: ஓய்ந்து உட்காராதவர்களுக்குத் தாங்குமா?

காலையில் கடற்கரை நடை, பதினொரு மணிக்கு பேங்க், சாயங்காலம் கோயில் இல்லையென்றால் சபா என்று அறுபத்தைந்திலும் எழுபதிலும் சுற்றிக்கொண்டிருப்பவர்கள் காது மெஷின் வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது சார்ஜ் போடும் ஆர்ஐசி (ரிசீவர்-இன்-கேனல், அதாவது ஸ்பீக்கர் காதுத் துவாரத்துக்குள் இருக்கும்) வகையைத்தான். சின்னது, எடை கிடையாது, போட்டிருப்பதே வெளியே தெரியாது. நடுத்தர ரகமே ஜோடி ஒரு லட்சத்தைத் தொட்டுவிடுகிறது. அந்தக் காசுக்கு நம் ஊர் வெயிலிலும் வியர்வையிலும் அது உழைக்குமா என்று பார்ப்போம். கம்பெனி எதுவானாலும் இந்த வகையின் நல்லதும் கெட்டதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் மாடல் பெயர்களுக்குள் போகவில்லை.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். கேட்புக் குறை லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்து, காது வறண்ட காதாகவும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். காதில் சீழ் வடிகிறவர்கள், அழுக்கு நிறைய சேருகிறவர்கள், கேட்புக் குறை கடுமையாக உள்ளவர்கள் பழைய பாணியில் காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினையும், காதின் அளவுக்கு அச்செடுத்துச் செய்த அடைப்பான மோல்டையும், 13ஆம் நம்பர் பட்டன் பேட்டரியையும் விட்டு நகர வேண்டாம். பழையது என்பதற்காகக் கடையில் முகம் சுளித்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் ஸ்பீக்கர் இருக்கும் இடம். பழைய வகையில் மைக், சிப், ஸ்பீக்கர் மூன்றும் காதுக்குப் பின்னால் உள்ள உடலுக்குள் இருக்கும். சத்தம் ஒரு டியூப் வழியாக மோல்டுக்கு வரும். ஆர்ஐசியில் ஸ்பீக்கரை மட்டும் பிரித்து, மெல்லிய ஒயரின் நுனியில் வைத்து, காதுத் துவாரத்துக்குள்ளேயே அனுப்பிவிடுகிறார்கள். அதை ரிசீவர் என்பார்கள். அதன் மேல் டோம் என்ற சிறிய ரப்பர் தொப்பி. சத்தம் தெளிவாக இருப்பதற்குக் காரணமும் இதுதான், அடிக்கடி மக்கர் பண்ணுவதற்குக் காரணமும் இதுதான். அழுக்கும் ஈரமும் உள்ள இடத்திலேயே போய் ஸ்பீக்கர் குடியிருக்கிறது.

வயதானால் முதலில் போவது உச்ச சுருதிச் சத்தங்கள். "கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்று பெரியவர்கள் சொல்வது சரியான வர்ணனை. ஆ, ஓ போன்ற உயிரொலிகள் பலமானவை, கீழ் சுருதியில் இருப்பவை, அவை வந்து சேர்ந்துவிடும். ச, ஸ, ட, த, ப போன்ற மெய்யொலிகளின் மெல்லிய மேல் சுருதிப் பகுதிதான் கழன்றுபோகும். பத்து, பட்டு, பக்கு எல்லாம் ஒன்றுபோலக் கேட்கும். துளையுள்ள ஓப்பன் டோம் போட்டால் கீழ் சுருதி இயல்பாகவே உள்ளே வரும், மெஷின் மேல் சுருதியை மட்டும் தூக்கிக் கொடுத்தால் போதும். சொந்தக் குரல் பானைக்குள் பேசுவதுபோல் முழங்காது. ஆனால் ஆடியோகிராமில், அதாவது காது சோதனை வரைபடத்தில், கீழ் சுருதியான 250, 500 ஹெர்ட்ஸிலேயே கோடு 40 டெசிபலைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தால் ஓப்பன் டோம் உதவாது. தூக்கிக் கொடுத்த சத்தம் துளை வழியே வெளியே கசிந்து மைக்கில் ஏறி 'கீ' என்று விசிலடிக்கும். காதை அடைத்து நிற்கும் பவர் டோமோ மோல்டோ கேட்டு வாங்குங்கள்.

மெஷினைவிட முக்கியம் அதை டியூன் பண்ணுகிற கை. கம்ப்யூட்டரில் ஆடியோகிராமை ஏற்றி ஒரு பட்டனைத் தட்டினால் 'முதல் ஃபிட்டிங்' வந்துவிடும். பெரும்பாலும் தேவையைவிடக் குறைவாகவே அது சத்தம் கொடுக்கும், ஏனென்றால் வாங்கும் அன்றைக்கே "ரொம்ப சத்தமா இருக்கு" என்று யாரும் திருப்பித் தந்துவிடக் கூடாதே. நல்ல ஆடியாலஜிஸ்ட் (கேட்புத்திறன் நிபுணர்) மெல்லிய மைக் குழாயைக் காதுக்குள் விட்டு, செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு சத்தம் போய்ச் சேருகிறது என்று அளந்து, எந்தக் குறைக்கு எவ்வளவு சத்தம் வேண்டும் என்று சொல்லும் என்ஏஎல்-என்எல்2 போன்ற கணக்கோடு ஒப்பிட்டுத் திருத்துவார். இதற்கு ரியல் இயர் மெஷர்மென்ட் என்று பெயர். "அந்த டெஸ்ட் பண்ணுவீங்களா?" என்று போனிலேயே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். டியூன் செய்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆடியோகிராம் பிரதியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்குக் கடை மாறினால் தேவைப்படும்.

சாலையில் நடப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த மெஷின்களில் பக்கத்துக்கு இரண்டு மைக் உண்டு. சுற்றிலும் இரைச்சல் அதிகமானால் முன்னால் இருந்து வரும் பேச்சுக்கு முன்னுரிமை கொடுத்து, பின்னால் வருவதைத் தானாகவே குறைத்துவிடும். ஹோட்டல் மேசையில் இது வரப்பிரசாதம். டவுன் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் முதுகுக்குப் பின்னால் வரும் தெருவில் இது வேண்டாம். எல்லாத் திசையும் சமமாகக் கேட்கும் தனி புரோகிராம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லி, மெஷின் பட்டனில் மாற்றப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு காதுக்கு மட்டும் வாங்கினால் ஹார்ன் வலப்பக்கமா இடப்பக்கமா என்று பிடிபடாது. இரண்டு காதிலும் குறை இருந்தால், விலை உயர்ந்த ஒன்றைவிட நடுத்தர விலையில் இரண்டு என்பதே எங்கள் பரிந்துரை. பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள் ஹெல்மெட் மாட்டுவதற்கு முன் கழற்றி டப்பியில் போட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் உரசலும் விசிலும் காற்றுச் சத்தமும்தான் கேட்கும், ஹெல்மெட்டைக் கழற்றும்போது மெஷின் கூடவே பறக்கும். மாஸ்க்கிலும் இதே தொல்லை உண்டு. காதில் மாட்டும் நாடாவைவிடத் தலைக்குப் பின்னால் கட்டும் மாஸ்க் மேல்.

கச்சேரி ரசிகர்களுக்கு மெஷின் முதல் நாளே பெரிய ஏமாற்றம் தரும், அதைச் சரிசெய்யவும் முடியும். மெஷின் பேச்சுக்காகவே செய்யப்பட்டது. ஏற்ற இறக்கம் இல்லாமல் நீடிக்கும் எந்தச் சத்தமும் அதற்கு ஃபேன் இரைச்சல், ஆகவே தம்புராவையும் சுருதிப்பெட்டியையும் அமுக்கிவிடும். புல்லாங்குழலின் நீண்ட கார்வையைத் தன் சொந்த விசில் என்று எண்ணி அழிக்கப் பார்க்கும், ஸ்வரம் நடுங்குவதுபோல் கேட்கும். வித்வான் மேல் குறையில்லை. மார்கழிக்கு முன்பே ஆடியாலஜிஸ்டிடம் போய் மியூசிக் புரோகிராம் ஒன்றைக் கேளுங்கள். அதில் இரைச்சல் குறைப்பு நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், விசில் தடுப்பு நிறுத்தப்பட்டோ மிகக் குறைவாகவோ இருக்க வேண்டும், மைக் எல்லாத் திசைக்கும் திறந்திருக்க வேண்டும், பெரிய சத்தத்துக்கும் சின்ன சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்கும் கம்ப்ரெஷன் குறைவாக இருக்க வேண்டும். "மியூசிக் மோடு ஏற்கெனவே இருக்கு சார்" என்ற பதிலோடு நிறுத்தாமல் இந்த நாலையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நாதஸ்வரமும் தவிலும் அருகில் முழங்கும்போது மைக்கின் உச்சவரம்பே தாண்டிப்போய்க் கரகரக்கும். அங்கே எந்த புரோகிராமும் உதவாது. நாலு வரிசை பின்னால் தள்ளி உட்காருங்கள்.

இனி வியர்வை. பெட்டியில் ஐபி68 என்று போட்டிருப்பார்கள். 6 என்பது தூசி புகாது, 8 என்பது நல்ல தண்ணீரில் குறிப்பிட்ட ஆழத்தில் மூழ்கினாலும் தாங்கும் என்ற சோதனைக் கணக்கு. வியர்வை உப்புத் தண்ணீர். மைக் துவார வலையில் உப்புப் படியும், சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகள் அரித்துப் பச்சை பூக்கும். "நேத்து ராத்திரி சார்ஜ் போட்டேன், காலைல உயிரே இல்ல" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் புள்ளிகளைத்தான். நடை முடிந்து வந்ததும் மெஷினையும் காதின் பின்புறத்தையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள். சானிடைசர், ஈரத்துணி இரண்டும் ஆகாது. எண்ணெய்க் குளியல், ஹேர் டை, பவுடர், சென்ட் எல்லாம் முடிந்து காய்ந்த பிறகே மெஷின். தேங்காயெண்ணெய் மைக் துவாரத்தில் இறங்கினால் சத்தம் மங்கும், துடைத்துச் சரியாகாது.

ஈரம் போக சிலிக்கா ஜெல் டப்பி தருவார்கள். பழைய மெஷினை இரவெல்லாம் அதில் வைக்கலாம், பேட்டரியை மட்டும் எடுத்துவிட வேண்டும். ஆர்ஐசியில் சிக்கல் என்னவென்றால் இரவு முழுக்க அது சார்ஜரில் இருக்கும், டப்பிக்குள் எப்போது போகும்? உலர்த்தும் வசதி சேர்ந்த சார்ஜர் வாங்குங்கள், இல்லையென்றால் குளிக்கும் நேரமும் மதியத் தூக்கமும் டப்பிக்கு ஒதுக்குங்கள். ஜெல் மணிகள் நிறம் மாறினால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். வெயிலில் மெஷினைக் காயவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் மெஷின் கெட்டுவிட்டது என்று ஓடாதீர்கள். பெரும்பாலும் வாக்ஸ் கார்டு என்ற அழுக்கு வடிகட்டி அடைத்திருக்கும். டோமைக் கழற்றினால் ரிசீவர் நுனியில் கடுகளவு வெள்ளை வடிகட்டி தெரியும். மஞ்சளோ பழுப்போ ஆகியிருந்தால் மாற்ற வேண்டும். பாக்கெட்டில் வரும் குச்சியின் காலியான முனையை அதில் குத்தி நேராக இழுத்தால் பழையது ஒட்டிக்கொண்டு வரும். குச்சியைத் திருப்பி மறுமுனையில் உள்ள புதியதை அழுத்தி, குச்சியை நேராக வெளியே எடுங்கள். டோமைக் கடைசிவரை அழுத்தி மாட்டுங்கள். அரைகுறையாக மாட்டிய டோம் காதுக்குள்ளேயே தங்கிவிடும். தங்கினால் ஊசி, ஹேர்பின் எதுவும் போடாமல் ஈஎன்டி டாக்டரிடம் போங்கள். இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை இந்த வேலை வரும். விரல் நடுக்கம் உள்ளவர்களுக்கு வீட்டில் யாராவது செய்துதர வேண்டும், இந்த வகையின் பெரிய குறை அதுதான். தினமும் பிரஷ் போடுவதைக் காலையில் செய்யுங்கள், இரவில் காய்ந்த அழுக்கு சுலபமாக உதிரும். ரிசீவர் வாய் தரையைப் பார்த்திருக்கட்டும். கார்டும் டோமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, பக்கத்து வீட்டுக்காரருடையது பொருந்தாது.

சார்ஜ் விஷயத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. மூன்று நாலு மணி நேரத்தில் நிறைந்து ஒரு நாள் முழுக்க வரும், புளூடூத்தில் பாட்டும் போனும் அதிகமானால் சாயங்காலத்துக்குள் இறங்கும். நாலைந்து வருடத்தில் லித்தியம் பேட்டரி தளரும், பல மாடல்களில் அதைக் கம்பெனிக்கு அனுப்பித்தான் மாற்ற வேண்டும். காசி யாத்திரை மாதிரி நீண்ட பயணம் போகிறவர்கள் சார்ஜரிலேயே பேட்டரி உள்ள மாடலாகப் பாருங்கள். பட்டன் பேட்டரி மெஷின் என்றால் இந்தக் கவலையே இல்லை. 312ஆம் நம்பர் பேட்டரிக்குப் பழுப்பு ஸ்டிக்கர், 13க்கு ஆரஞ்சு. உரித்ததும் ஒரு நிமிடமாவது காற்றுப்பட வைத்துப் போட்டால் நன்றாக உழைக்கும். உரித்த ஸ்டிக்கரை மறுபடி ஒட்டிப் பயனில்லை. பேரக்குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

போன்: கடையிலேயே உங்கள் சொந்த போனில் இணைத்து வீட்டுக்கு ஒரு கால் போட்டுப் பாருங்கள், எல்லா ஆண்ட்ராய்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. பட்டன் போன் வைத்திருப்பவர்கள் அதைக் காதுத் துவாரத்தில் வைக்காமல் சற்று மேலே, மெஷின் மைக் அருகே பிடிக்க வேண்டும்.

ஞாபக மறதி நோய் வராது என்று சொல்லி விலையேற்றி விற்கிறார்கள். அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் மூன்று வருடம் நடந்து 2023இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், மொத்தப் பேரையும் சேர்த்துப் பார்த்தால் மெஷின் தரப்பட்டவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறதி அபாயம் கூடுதலாக இருந்த பிரிவில் மட்டும் சிந்தனைத் திறன் சரிவு மெதுவானது. நன்றாகக் கேட்கத்தான் மெஷின். இணையத்தில் இரண்டாயிரத்துக்குக் கிடைக்கும் ஆம்ப்ளிஃபையர் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகத் தூக்கும், உங்கள் ஆடியோகிராம் அதற்குத் தெரியாது. கையில் காசில்லாதவர்கள் 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் கேட்கலாம். 60 வயதைக் கடந்த, வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசின் அலிம்கோ நிறுவனம் வழியாக இலவச மெஷின் தரும் திட்டம் அது.

பில்லில் இரண்டு மெஷினின் சீரியல் நம்பரும், வாரண்டியில் ரிசீவர் சேருமா என்பதும், இலவசமாக எத்தனை முறை டியூன் செய்வார்கள் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். காது மெஷினுக்கு ஜிஎஸ்டி கிடையாது, வரி என்று தனியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். பணம் கட்டுவதற்கு முன் டெமோ ஜோடியை ஒரு வாரம் கேட்டு வாங்கி, சந்தைக்கும் கோயிலுக்கும் போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். ஏசி அறையில் உட்காரவைத்துப் பேசிக் காட்டிவிட்டு அங்கேயே முடிவு கேட்கும் கடையென்றால் அடுத்த கடைக்குப் போகலாம்.