பக் நிறைந்த கேமும் வெளியீட்டாளரின் சமாதானமும்: ஐந்து வெளியீடுகள், ஓர் ஒப்பீடு

புது கேமில் நாலு பக் (நிரல் பிழை) இருந்தால் ஆட்டக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பொறுக்க முடியாமல் போவது, காசு வாங்கிய பிறகு நிறுவனம் பேசும் பேச்சைத்தான். "உங்கள் கணினி போதாது", "இது இப்படித்தான் ஓடும்", "எங்கள் சோதனையில் வரவில்லை" என்ற மூன்று சமாதானங்களும் பெயர் மாறி, முகம் மாறித் திரும்பத் திரும்ப வருகின்றன.

சிம்சிட்டி (2013), பேட்மேன்: ஆர்காம் நைட் கணினிப் பதிப்பு (2015), நோ மேன்ஸ் ஸ்கை (2016), சைபர்பங்க் 2077 (2020), பார்டர்லேண்ட்ஸ் 4 (2025) ஆகிய ஐந்தையும் இங்கே பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கிறோம். சொன்ன காரணம் சோதித்தபோது நின்றதா, பணம் திரும்பக் கிடைக்க வழி திறந்ததா, கேம் சரியாக எவ்வளவு காலம் ஆனது என்பவை மட்டுமே அளவுகோல். மன்னிப்புக் கடிதம் எவ்வளவு உருக்கமாக இருந்தது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

சிம்சிட்டி: "சர்வர் இல்லாமல் முடியாது"

2013 மார்ச் 5 அன்று ஈஏ வெளியிட்ட இந்த நகர உருவாக்க கேமைத் தனியாக ஆடுவதற்கும் இணைய இணைப்பு கட்டாயம். முதல் நாளே சர்வர்கள் திணறின. உள்ளே நுழையவே வரிசை. கட்டிய நகரங்கள் காணாமல் போயின. சுமையைக் குறைக்க, ஆட்டத்தின் அதிவேகப் பயன்முறையையே நிறுவனம் நிறுத்தி வைத்தது.

ஆஃப்லைனில் ஆட விடுங்கள் என்று கேட்டவர்களுக்கு கேமை உருவாக்கிய மேக்ஸிஸ் ஸ்டுடியோவின் தலைவர் லூசி பிராட்ஷா சொன்ன பதில்: கணக்கீடுகளில் கணிசமான பங்கு சர்வரில் நடக்கிறது, அதை மாற்றப் பெரிய அளவில் பொறியியல் வேலை தேவைப்படும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் இணைப்பைத் துண்டித்துப் பார்த்தவர்களுக்கு நகரம் பல நிமிடங்கள் தடையின்றி ஓடியது. அடுத்த சில நாட்களிலேயே ஒரு மாடர் (கேமின் நிரலைத் தானே மாற்றியமைக்கும் ஆர்வலர்), நேரக் கட்டுப்பாட்டை நீக்கி, இணைப்பே இல்லாமல் ஓட்டிக் காட்டினார். ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில், மேக்ஸிஸே ஆஃப்லைன் பயன்முறையைத் தந்தது.

டிஜிட்டலாக வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பவில்லை. ஈஏ பட்டியலிலிருந்து ஒரு கேம் இலவசமாகக் கிடைத்தது. ஐந்தில் மிக மோசமான பதில் இதுதான் என்பது எங்கள் தீர்ப்பு. காரணமும் பொய்த்தது, வெளியேறும் வழியும் அடைக்கப்பட்டிருந்தது.

பார்டர்லேண்ட்ஸ் 4: "உங்கள் கணினி போதாது"

இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். இன்று அதிகம் கேட்கும் சமாதானம் இதுதான். வாங்கியவரே வீட்டில் சோதித்துப் பார்க்கக்கூடியதும் இதுதான்.

2025 செப்டம்பர் 12 அன்று கேம் வெளியானது. பரிந்துரைத்த அளவே ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டும் 32 ஜிபி ரேமும். அதைவிட வலுவான கணினி வைத்திருந்தவர்களும் திக்கித் திக்கி ஓடுவதாகப் புகார் செய்தார்கள். கேமை உருவாக்கிய கியர்பாக்ஸின் தலைவர் ராண்டி பிட்ச்ஃபோர்ட் எக்ஸ் தளத்தில், இது உயர்தர ஆட்டக்காரர்களுக்கான உயர்தர கேம், பழைய வன்பொருளில் உச்ச அமைப்பை எதிர்பார்க்காதீர்கள் என்ற தொனியில் பதில் சொன்னார். குறை சொன்னவர்களிடம், சொந்தமாக ஓர் இன்ஜின் (கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருள்) எழுதிக் காட்டுங்கள் என்றும் சொன்னார். 70 டாலர் கொடுத்தவரிடம் பேசும் பேச்சல்ல அது. பிடிக்கவில்லையென்றால் ஸ்டீம் என்ற கணினி கேம் கடையில் ரீஃபண்ட் (பணத்தைத் திரும்ப) வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னதை மட்டும் அவர் கணக்கில் வரவு வைக்கலாம்.

இன்னொரு அறிவிப்பும் வந்தது: கிராபிக்ஸ் அமைப்பை மாற்றினால் ஷேடர்கள் மறுபடி தொகுக்கப்படும், எனவே குறைந்தது 15 நிமிடம் ஆடிவிட்டு வேகத்தை மதிப்பிடுங்கள் என்று. தொழில்நுட்பத்தில் இது உண்மை. ஷேடர் என்பது கிராபிக்ஸ் கார்டு ஓட்டும் சிறு நிரல். பிளேஸ்டேஷன் போன்ற கன்சோலில் வன்பொருள் ஒன்றே என்பதால் முன்கூட்டியே தொகுத்து அனுப்பிவிடலாம். கணினியில் கார்டுக்குக் கார்டு, டிரைவருக்கு டிரைவர் மாறுவதால் வாங்கியவரின் இயந்திரத்தில்தான் தொகுக்க முடியும். ஆனால் 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால்தான் ஸ்டீமில் ரீஃபண்ட்; அந்த 2 மணி நேரத்தில் இந்த நிமிடங்களும் சேரும். நாலு முறை அமைப்பை மாற்றிப் பார்த்தால் அதில் பாதி போய்விடும். 2023 மார்ச்சில் தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 கணினிக்கு வந்தபோது, தொடக்கத் திரையில் ஷேடர் தொகுப்பே பலருக்கு அரை மணிக்கும் மேல் இழுத்து இதே சிக்கலை உண்டாக்கியது.

"உங்கள் கணினிதான் குறை" என்பது மெய்யா என்று பார்க்க இப்படிச் செய்யுங்கள். முதலில் ஃபிரேம் ஜெனரேஷனை அணையுங்கள். அது இரண்டு உண்மையான ஃபிரேம்களுக்கு (திரையில் விநாடிக்குப் பல முறை மாறும் படங்களுக்கு) நடுவே செயற்கை ஃபிரேமைச் செருகி எண்ணைக் கூட்டிக் காட்டும். பட்டனை அழுத்தியதும் ஆட்டம் பதில் தரும் வேகத்தைக் கூட்டாது. தன் ஃபிரேம் ஜெனரேஷனைப் பயன்படுத்த அடிப்படை வேகம் விநாடிக்கு 60 ஃபிரேமாவது இருக்க வேண்டும் என்று கிராபிக்ஸ் கார்டு தயாரிக்கும் ஏஎம்டியே சொல்கிறது. மான்ஸ்டர் ஹன்டர் வைல்ட்ஸ் என்ற கேமின் பரிந்துரைப் பட்டியலோ, ஃபிரேம் ஜெனரேஷனைப் போட்டுத்தான் 1080பி திரைத் தெளிவில் 60 ஃபிரேம் என்று எழுதியிருந்தது. வாங்குமுன் பட்டியலில் இந்தச் சிறு குறிப்பைத் தேடுங்கள்.

அடுத்து, ஸ்டீமிலேயே உள்ள வேகக் கண்காணிப்பையோ எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற கண்காணிப்பு மென்பொருளையோ திறந்து வைத்து, எதிரிகள் நிறைந்த ஓர் இடத்தில் நின்று, திரைத் தெளிவை 1440பி-யிலிருந்து 1080பி-க்கு இறக்குங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் கிராபிக்ஸ் கார்டுதான் தடை. நிறுவனம் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. எண்ணிக்கை நின்ற இடத்திலேயே நின்று, கார்டின் பயன்பாடு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் தடை ப்ராசஸர் பக்கம், பெரும்பாலும் கேமின் முதன்மை இழை (முக்கிய வேலைத் தொடர்) ப்ராசஸரின் ஒரே கோரில் நெருக்குகிறது. புதுக் கார்டு வாங்கினாலும் அது தீராது.

திக்கலுக்குத் தனிச் சோதனை உண்டு. ஒரே பாதையில் இரண்டு முறை போய் வாருங்கள். 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி விநாடி. கண்காணிப்பு மென்பொருளின் வரைபடத்தில் அது திடீரென்று 100-ஐத் தாண்டும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் முறை திக்கி, இரண்டாம் முறை சீராக ஓடினால் ஷேடர் தொகுப்பு, நாளடைவில் குறையும். இரண்டு முறையும் அதே வளைவில் திக்கினால், உலகத்தின் அடுத்த துண்டை ஏற்றும் விதத்திலேயே கோளாறு. அது பேட்ச் (நிறுவனம் பின்னர் அனுப்பும் திருத்தம்) வராமல் தீராது. டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை ஒரு படி இறக்கியதும் மறைந்தால் கார்டின் நினைவகம் நிரம்பியிருக்கிறது; 8 ஜிபி கார்டு வைத்திருப்பவர்கள் இதை முதலில் பாருங்கள்.

நிறுவனங்கள் பின்னர் வெளியிடும் பேட்ச் குறிப்புகளும் நல்ல சாட்சி. ஸ்டார்ஃபீல்ட் என்ற கேமைக் கணினிக்கு ஏன் செம்மைப்படுத்தவில்லை என்று கேட்டபோது அதன் இயக்குநர் டாட் ஹோவர்ட், செய்தோம், நீங்கள் கணினியை மேம்படுத்த வேண்டியிருக்கலாம் என்றார். அது 2023 செப்டம்பர். அதே ஆண்டு நவம்பரில் வந்த பேட்ச், உயர்தரக் கணினிகளில் ப்ராசஸரைப் பயன்படுத்தும் விதத்தை மேம்படுத்தியது. வெளியானபோது இல்லாத டிஎல்எஸ்எஸ் (என்விடியா கார்டுகளில் வேகத்தைக் கூட்டும் நுட்பம்) ஆதரவையும் சேர்த்தது. வாங்கியவரின் வன்பொருள் மாறாமல் வேகம் கூடுகிறதென்றால், மிச்ச வேலை யார் பக்கம் இருந்தது என்பது வெளிப்படை.

சைபர்பங்க் 2077: மன்னிப்பும் ரீஃபண்டும், ஆனால்

வெளியீட்டுக்கு முன், 2020 நவம்பரில், பழைய கன்சோல்களிலும் கேம் வியக்கத்தக்க அளவுக்கு நன்றாக ஓடுவதாக கேமை உருவாக்கிய சிடி ப்ராஜெக்டின் தலைவர் ஆடம் கிசின்ஸ்கி முதலீட்டாளர்களிடம் சொன்னார். விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கிடைத்ததோ கணினிப் பதிப்பு மட்டுமே. டிசம்பர் 10 அன்று சாதாரண பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் வைத்திருந்தவர்கள் மங்கிய காட்சியோடும் அடிக்கடி செயலிழக்கும் கேமோடும் மாட்டிக்கொண்டார்கள்.

டிசம்பர் 14 அன்று மன்னிப்பு வந்தது. ரீஃபண்ட் கேளுங்கள் என்றும் சொன்னார்கள். ஆனால் அந்தக் கன்சோல்களை விற்கும் சோனியுடனோ மைக்ரோசாஃப்ட்டுடனோ அதற்கென்று தனி ஏற்பாடு எதுவும் செய்திருக்கவில்லை. பதிவிறக்கிய கேமுக்கு ரீஃபண்ட் தராத கடையின் வாசலுக்கு மக்களை அனுப்பிவிட்டார்கள். குழப்பம் முற்றி, சில நாட்களில் சோனி கேமையே கடையிலிருந்து நீக்கி எல்லோருக்கும் பணம் திருப்புவதாக அறிவித்தது. கேம் திரும்பி வந்தது 2021 ஜூன் 21-இல், சாதாரண பிஎஸ்4-இல் இன்னும் சிக்கல் வரலாம் என்ற எச்சரிக்கையோடு. சிடி ப்ராஜெக்ட் நேரடியாகப் பணம் திருப்பியது சுமார் 30,000 பிரதிகளுக்கு.

காரணங்கள் ஒன்றோடொன்று மோதின. டிசம்பர் கூட்டத்தில், பழைய கன்சோல்களுக்கு இன்னும் நேரம் தேவை என்ற அறிகுறிகளை நிர்வாகம் பொருட்படுத்தவில்லை என்றார்கள். ஜனவரி 13 காணொளியிலோ இணை நிறுவனர் மார்சின் இவின்ஸ்கி, ஆட்டக்காரர்கள் கண்ட சிக்கல்களில் பெரும்பகுதி தங்கள் சோதனையில் தென்படவில்லை என்றார். அறிகுறிகளைக் கண்டும் விட்டுவிட்டதும், சோதனையில் தென்படவே இல்லை என்பதும் எளிதில் ஒட்டவில்லை.

பக் ஒவ்வொன்றையும் கையாண்ட விதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: கணினியில் சேவ் ஃபைல் (ஆட்டத்தின் சேமிப்புக் கோப்பு) 8 எம்பி-யைத் தாண்டினால் கெட்டுப்போகும். முதலில் கிடைத்த ஆலோசனை, பொருள்களைக் குறைவாகச் சேர்த்து வையுங்கள் என்பது. டிசம்பர் இறுதிக்குள் 1.06 பேட்ச் அந்த வரம்பை நீக்கியது. ஏற்கனவே கெட்ட ஃபைல்கள் மீளாது என்றும் குறிப்பு இருந்தது. இத்தனை விரைவில் நீக்க முடிந்த வரம்பை, பொருள்களை எறிந்து சமாளிக்கச் சொல்லியிருக்கவே வேண்டாம்.

2022 பிப்ரவரியில் 1.5, 2023 செப்டம்பரில் 2.0 என்று கேம் நிமிர்ந்தது உண்மை. இதை மீட்சிக் கதையாகக் கொண்டாடுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: 2.0 பிஎஸ்4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வரவே இல்லை. அதிகம் அடிபட்டவர்கள் யாரோ அவர்களுக்கே அந்த மீட்சி கிடைக்கவில்லை.

ஆர்காம் நைட்: கடையை மூடியவர்கள்

2015 ஜூன் 23 அன்று வெளியான கணினிப் பதிப்பு 30 ஃபிரேமுக்குள் பூட்டப்பட்டிருந்தது. அதையும் நிலையாகத் தரவில்லை. வெளியீட்டாளர் வார்னர் பிரதர்ஸ் ஓரிரு நாளில் விற்பனையை நிறுத்தியது. அக்டோபர் 28-இல் கேம் மீண்டும் விற்பனைக்கு வந்தது. குறைகள் தீராதது தெரிந்ததும், எத்தனை மணி நேரம் ஆடியிருந்தாலும் ஆண்டு இறுதி வரை ஸ்டீமில் ரீஃபண்ட் என்று அறிவித்தது. ஸ்டீமில் ரீஃபண்ட் முறையே அந்த ஜூன் மாதத் தொடக்கத்தில்தான் வந்திருந்தது. கேம் ஒரு மாதம் முந்தி வெளியாகியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

கேம் முழுதாகச் சரியாகவில்லை. ஆனாலும் ஐந்தில் இந்தப் பதிலையே முதலிடத்தில் வைக்கிறோம். கெட்ட சரக்கை விற்பதை நிறுத்தினார்கள். பணத்தை நிபந்தனையின்றித் திருப்பினார்கள். ஆட்டக்காரரைக் குறை சொல்லவில்லை.

நோ மேன்ஸ் ஸ்கை: வாய் திறக்காதவர்கள்

2016 ஆகஸ்டில் வெளியானபோது, பேட்டிகளில் பேசப்பட்ட பல அம்சங்கள் கேமில் இல்லை. பிரிட்டனின் சிறு ஸ்டுடியோவான ஹெலோ கேம்ஸ் மாதக்கணக்கில் பேசவே இல்லை. நவம்பர் கடைசியில் முதல் பெரிய அப்டேட். 2018 ஜூலையில் முழுமையான மல்டிபிளேயர் (பலர் சேர்ந்து ஆடும் வசதி). அதன் பிறகும் தொடர்ந்து, எல்லாம் இலவசம். வீண் வாதம் பேசாமல் வேலை செய்தார்கள் என்று பாராட்டுவது சரிதான். ஆனால் முதல் மாதத்தில் வாங்கியவருக்கு அந்த மௌனத்தால் ஒரு பயனும் இல்லை: வழக்கமான ரீஃபண்ட் விதிதான், தனிச் சலுகை கிடையாது என்று ஸ்டீம் அந்த கேமின் பக்கத்திலேயே எழுதி வைத்தது.

எந்தக் கடையில் வாங்குவது

நிறுவனம் எந்தப் பதில் சொல்லும் என்பது நம் கையில் இல்லை. கடை நம் கையில் இருக்கிறது. கணினி கேம் கடைகளில் ஜிஓஜி-யே தாராளம்: பதிவிறக்கி, ஆடிய பிறகும் 30 நாள் அவகாசம். ஸ்டீமிலும் எபிக்கிலும் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருக்க வேண்டும். கூடுதல் காசுக்கு முன்கூட்டியே ஆடும் நேரமும் 2024 ஏப்ரல் முதல் ஸ்டீமில் இந்த 2 மணி நேரக் கணக்கில் சேர்கிறது. மேலே சொன்ன சோதனைகளை முதல் 90 நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். தொடக்கப் பயிற்சிக் கட்டத்திலேயே நிற்காமல், நெரிசலான முதல் ஊர் வரை போய்விடுங்கள். டிரைவரை ஆடத் தொடங்கும் முன்பே புதுப்பியுங்கள். நடுவில் மாற்றினால் ஷேடர் தொகுப்பு மறுபடி முதலிலிருந்து நடக்கலாம்.

கன்சோலில் நிலைமை இறுக்கம். பிளேஸ்டேஷன் ஸ்டோரில் பதிவிறக்கம் தொடங்கிவிட்டால், கேமில் குறைபாடு என்று காட்டினாலன்றி ரீஃபண்ட் இல்லை. முன்பதிவு செய்த கேம் தானாகப் பதிவிறக்கத் தொடங்கும் என்பதால் அந்த அமைப்பை அணைத்துவிட்டு, முதல் நாள் செய்திகளைப் பார்த்த பிறகு கையால் தொடங்குவதே பாதுகாப்பு. எக்ஸ்பாக்ஸில் 14 நாளுக்குள், அதிகம் ஆடாமல் இருந்தால் கேட்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுப்பார்கள். நின்டெண்டோ கடையில் வெளியான கேமின் விற்பனை பொதுவாக இறுதியானது.

ஆஸ்திரேலியாவில் சட்டம் வாங்குபவர் பக்கம் உறுதியாக நிற்கிறது. அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில் ஸ்டீமை நடத்தும் வால்வுக்கு 2016 டிசம்பரில் 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விழுந்தது. ஃபால்அவுட் 76 என்ற கேமின் விவகாரத்தில், ரீஃபண்ட் உரிமை பற்றி வாங்கியவர்களைத் தவறாக வழிநடத்தியிருக்கக்கூடும் என்று அதை விற்ற ஜெனிமேக்ஸ் நிறுவனம் 2019-இல் அந்த ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது.

2 மணி நேரம் தாண்டிவிட்டாலும் ஸ்டீமில் விண்ணப்பிக்கலாம். பரிசீலிப்போம் என்று விதியிலேயே இருக்கிறது. "கேம் பிடிக்கவில்லை" என்று எழுதாதீர்கள். கார்டின் பெயர், டிரைவர் எண், நிறுவனம் கேட்ட குறைந்தபட்ச அளவு, அதற்கு மேல் உங்களிடம் இருப்பது, எந்த இடத்தில் எத்தனை முறை செயலிழந்தது, ஷேடர் தொகுப்புக்கே எத்தனை நிமிடம் போனது ஆகியவற்றை நாலு வரியில் எழுதுங்கள். பணம் ஸ்டீம் வாலட்டுக்கா, செலுத்திய வழிக்கா என்று கேட்கும்போது இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.