பாண்டி கடற்கரைச் சாலை: கடல் பார்த்த அறையா, வாய்க்காலுக்கு மேற்கே ஒரு முற்றமா?

புதுச்சேரிக்குக் கிளம்பும் நண்பர்கள் முதலில் கேட்பது, "கடல் தெரிகிற அறை கிடைக்குமா?" என்பதுதான். நானும் ஒருமுறை அதற்கென்று கூடுதலாகப் பணம் கட்டினேன். சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. கழுத்தை இடப்பக்கம் ஒடித்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கடல். விடுதியின் பெயர் வேண்டாம்.

குபேர் சாலை என்று பலகையில் இருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு அது பீச் ரோடுதான். நீளம் ஒன்றரை கிலோமீட்டருக்குள். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் நுழைய முடியாது. அந்த நேரத்தில் சாலையே நம்முடையது, காசில்லாமல்.

நடக்க மாலையா, காலையா? மாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் பழைய கல்தூண்களுக்கிடையே குழந்தைகள் ஓடுவதும், சுண்டல் மணமும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கிவிடுவதால் கடல் சீக்கிரம் கறுத்துப்போகிறது. பாறைகளில் அலை மோதுகிற சத்தம்தான் மிச்சம். (மணல் எங்கே என்று கேட்காதீர்கள். தெற்கே 1980களில் துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புச்சுவர்கள் மணலை மறித்துக்கொள்ள, இங்கே கரை கரைந்து பாறாங்கல் வந்தது. இப்போது தலைமைச் செயலகத்தின் எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது.) காலை ஐந்தரைக்குப் போனால், 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கத்தின் மேல் முதல் வெளிச்சம் விழுவதைப் பார்க்கலாம். என் ஓட்டு காலைக்கு.

தங்குவதற்குக் கடலோரம் என்றால் அரவிந்தர் ஆசிரம விடுதிகளைச் சொல்வேன். தோட்டம், துப்புரவு, நியாயமான வாடகை. மதுவும் புகையும் கூடாது. இரவில் குறித்த நேரத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்தச் சாலை கூட்டம் வடிந்து அழகாகிற நேரமும் ஏறக்குறைய அதுதான்.

பிரெஞ்சுப் பகுதி வீதிகளில் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் படத்துக்கு நன்றாக இருக்கும். வாடகையும் அதற்கேற்ப. உள்ளே எத்தனை அழகான தோட்டம் இருந்தாலும் வெளியே உயர்ந்த மதில்தான்; வீதிக்கு முதுகைக் காட்டி நிற்கும் வீடுகள்.

பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலைத் தாண்டினால் கதை வேறு. வைசியாள் வீதியில் தாழ்வாரமும் திண்ணையுமாக வீடுகள் வீதியைப் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. அந்த வீதியின் மீட்புப் பணிக்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. இந்தப் பக்கத்தில் சில பழைய வீடுகள் இப்போது விடுதிகள். முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தால், ஓட்டு விளிம்பிலிருந்து வெயில் ஒரு சாண் ஒரு சாணாகத் தரையில் நகர்வது தெரியும். நடுப்பகலில் பீச் ரோடு கொதிக்கும்போது இங்கே தரை குளிர்ந்தே கிடக்கும். கடலுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. எனக்கு இதுதான்.

அம்மாவோடு போனபோது மட்டும் கடலோரமே எடுத்தேன். முழங்கால் வலி; அந்தப் பதினைந்து நிமிடமும் அவருக்கு முடியாது. விடியுமுன் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு எட்டு மணிவரை எழுந்திருக்கவில்லை. காபி வரத் தாமதமானது என்பதைத் தவிர ஒரு குறையும் சொல்லவில்லை.