டவுன்ஸ் குன்றுகளா, தேம்ஸ் கரையா?

தெற்கு இங்கிலாந்தில் நடக்க ஒரு வாரம் கிடைத்தவர்கள் இரண்டு பாதைகளுக்கு நடுவே தடுமாறுகிறார்கள்: டவுன்ஸ் குன்றுகளின் முகட்டில் போகும் சவுத் டவுன்ஸ் வே, தேம்ஸ் ஆற்றங்கரையில் போகும் தேம்ஸ் பாத்.

தொலைவு: வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை டவுன்ஸ் பாதை சுமார் 160 கி.மீ. தேம்ஸ் பாதை ஏறத்தாழ 300; ஒரு வாரத்தில் பாதிதான் முடியும்.

ஏற்றம்: தேம்ஸ் கரை பெரும்பாலும் சமதரை. டவுன்ஸிலோ மியான், அருன், அடூர், ஊஸ், கக்மியர் என்று ஒவ்வோர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கும் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். முழங்கால் கணக்கு வைத்துக்கொள்ளும்.

தண்ணீர்: பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். குன்றுகள் சீமைச் சுண்ணாம்புப் பாறை. பெய்யும் மழையை உள்ளே இழுத்துக்கொள்ளும். முகட்டில் ஓடையைத் தேடாதீர்கள், இரண்டு லிட்டராவது சுமந்து செல்லுங்கள். தேம்ஸ் பாதையில் அடிக்கடி ஊர் வரும், தேநீரும் வரும்.

மழைக்காலம்: நனைந்த சுண்ணாம்பு சோப்புபோல வழுக்கும். தேம்ஸ் கரை குளிர்காலத்தில் வெள்ளத்தில் மூழ்குவதும் உண்டு.

குழந்தைகளோடும், விடுமுறைக்கு ஒரு துண்டாகவும் நடப்பவர்களுக்குத் தேம்ஸ். ஒரே மூச்சில் முடித்து, கடைசி நாளில் செவன் சிஸ்டர்ஸ் வெண்பாறைகள்மேல் கடற்காற்றில் நிற்க விரும்புகிறவர்களுக்கு டவுன்ஸ். என் ஓட்டு மே மாத டவுன்ஸுக்கு.