ஒட்சிசனை எண்ண எது நல்லது: கண்ணுக்குத் தெரியும் ஒளியா, அகச்சிவப்பா?

வெள்ளவத்தையில் எங்கள் மொட்டைமாடியில் ஆறங்குலத் தொலைக்காட்டி ஒன்று இருக்கிறது. தை மாத இரவுகளில் ஒரியன் நெபுலா என்ற வாயு முகில் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். காலி வீதி வெளிச்சத்தையும் மீறி, சாம்பலில் லேசாகப் பச்சை கலந்த ஒரு புகை தெரியும். உயர்தரப் பௌதிகவியல் படிக்க வரும் மாணவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சேர், அதுக்குள்ள எவ்வளவு ஒட்சிசன் இருக்கெண்டு எப்பிடிச் சொல்லுறாங்கள்?"

நல்ல கேள்வி. அந்தப் பச்சையில் பெரும்பங்கு ஒட்சிசனுடையதுதான். இரண்டு இலத்திரன்களை இழந்த ஒட்சிசன் அயன் நிறமாலையில் 500.7 நனோமீற்றரில் விடும் ஒளிக்கோடு அது. 1864இல் வில்லியம் ஹகின்ஸ் வேறொரு நெபுலாவில் அதைப் பார்த்தபோது, பூமியில் இல்லாத ஏதோ மூலகம் என்றே நினைத்தார்கள். 1927இல் ஐரா போவன்தான் அது ஒட்சிசன் என்று காட்டினார்.

அந்தக் கோடு பளிச்சென்று இருப்பதால் அதை அளப்பது சுலபம். ஆனால் ஒளி கூடினால் ஒட்சிசன் கூடியது என்று ஆகாது. அந்தக் கோட்டுக்கான சக்திமட்டம் ஏறத்தாழ 29,000 கெல்வினுக்குச் சமமான உயரத்தில் இருக்கிறது. வாயுவோ 10,000 கெல்வின் அளவில்தான் இருக்கும். ஆகவே வெப்பநிலை கொஞ்சம் ஏறினாலே ஒளி தாறுமாறாக ஏறும். 10,000 கெல்வின் 12,000 ஆனால், அதே அளவு ஒட்சிசன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஒளி தரும். வெப்பநிலையைப் பிடிக்க, அதே அயன் 436.3 நனோமீற்றரில் விடும் இன்னொரு கோடு வேண்டும். இதை நேரடி முறை என்பார்கள். அந்தக் கோடோ பச்சைக் கோட்டைவிட நூறு மடங்குக்கும் மேல் மங்கல். இன்னொரு சங்கடம்: வாயுவைக் குளிர வைப்பதில் ஒட்சிசனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒட்சிசன் நிறைந்த இடம் குளிர்ந்து போக, எங்கே அது அதிகமோ அங்கேயே இந்தக் கோடு காணாமல் போகிறது. அப்போது பளிச்சென்ற கோடுகளை மட்டும் வைத்துச் சூத்திரம் போட்டு மதிப்பிடுகிறார்கள். ஒரே விண்மீன் திரளுக்கு இரண்டு சூத்திரங்கள் ஐந்து மடங்கு வரை வேறுபட்ட விடை தந்ததும் உண்டு. இதை நான் சிறிய குறையாக எடுக்கமாட்டேன்.

அகச்சிவப்புக்கு வருவோம், நம் பாடப்புத்தகத்தில் செந்நிறக் கீழ்க் கதிர். அதே ஒட்சிசன் அயன் 52, 88 மைக்ரோமீற்றர்களிலும் கோடு விடுகிறது. 88இன் சக்திமட்டம் வெறும் 163 கெல்வின் உயரம். பத்தாயிரம் கெல்வின் வாயுவுக்கு அது வாசற்படி மாதிரி. வெப்பநிலை 12,000 ஆனாலும் இந்த ஒளி பத்து சதவீதம்கூட மாறாது. தூசியும் இதைப் பெரிதாக மறைக்காது. ஏறத்தாழ 25 கோடி ஒளியாண்டு தொலைவில் ஆர்ப் 220 என்ற திரள் இருக்கிறது. தூசி மூடிய அதன் நடுவிலிருந்து வரும் பச்சை ஒளி நமக்குக் கிடைப்பதே இல்லை, வெளித்தோல்தான் தெரிகிறது. இத்தகைய தூசி நிறைந்த திரள்களில் ஒட்சிசன் குறைவு என்று கண்ணுக்குத் தெரியும் ஒளி சொல்லிக்கொண்டிருந்தது. 2022இல் வந்த ஓர் அகச்சிவப்பு ஆய்வு, குறைவில்லை, அது உள்ளே மறைந்திருக்கிறது என்று காட்டியது.

அகச்சிவப்பும் குறையில்லாதது அல்ல. வெப்பநிலைத் தொல்லை போனாலும் அடர்த்தித் தொல்லை வருகிறது. கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 500 இலத்திரன்களைத் தாண்டினால் 88 கோடு மங்கத் தொடங்கும். 52ஐயும் சேர்த்து அளந்தால் அடர்த்தி கிடைத்துவிடும் என்பதால் இது தீர்க்கக்கூடியது. ஒட்சிசன் எவ்வளவு என்பதை ஐதரசனோடு ஒப்பிட்டே சொல்வார்கள், அதற்கு ஐதரசன் கோடும் வேண்டும். அகச்சிவப்பில் அது மங்கல். சிலர் ஐதரசனை விட்டுவிட்டு, 57 மைக்ரோமீற்றர் நைதரசன் கோட்டை ஒட்சிசனுடன் ஒப்பிடுகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. ஜிஎன்-இசட்11 போல நைதரசன் அளவுக்கு மீறிய திரள்களை ஜேம்ஸ் வெப் விண்தொலைக்காட்டி காட்டியிருக்கிறது. அங்கே இந்த அளவுகோல் பிழைக்கும். அதைவிட வெப்பின் கைக்கு எட்டும் 12.8, 15.6 மைக்ரோமீற்றர் நியோன் கோடுகளை நான் நம்புவேன். நியோன் சடவாயு, தூசித் துகளில் ஒட்டி மறையாது. ஒட்சிசன் பிறக்கும் அதே பெரிய விண்மீன்களில்தான் அதுவும் பிறக்கிறது.

உண்மையான கஷ்டம் கருவியில். கழுவிப் போட்ட துணி காயாத நம் கொழும்புக் காற்றை நினைத்துப் பாருங்கள். அந்த நீராவிதான் 52, 88 மைக்ரோமீற்றர் ஒளியை விழுங்குவது. உயர்ந்த மலைக்குப் போனாலும் தப்ப முடியாது. 3.5 மீற்றர் ஆடியுடைய ஹேர்ஷெல் தொலைக்காட்டி 2009 முதல் 2013 வரை விண்வெளியில் வேலை செய்தது. போயிங் 747இல் பறந்த சோஃபியா 2022இல் நின்றது. அருகிலுள்ள திரள்களில் இந்தக் கோடுகளை அளக்கும் அடுத்த விண்தொலைக்காட்டிக்கான ப்ரிமா என்ற திட்டத்தை நாசா 2024இல் மேலாய்வுக்கு எடுத்தது.

சரி, எது நல்லது? தூசி அதிகமென்றால் அகச்சிவப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தூசி குறைந்து, 436.3 கோடும் தெளிவாகக் கிடைத்தால் நேரடி முறை போதும். 1.1 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள மாக்கரியன் 71 என்ற நெபுலாவில் இரண்டையும் ஒப்பிட்டு 2023இல் வந்த ஆய்வில் விடைகள் ஒத்துப்போயின. அதே ஆண்டு, பல நெபுலாக்களைப் பார்த்த இன்னொரு குழு, உள்ளே வெப்பநிலை சீராக இல்லாததால் நேரடி முறை குறைத்துக் காட்டுகிறது என்றது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

மிகத் தூரத்துத் திரள்களில் கதை வேறு. ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0இன் ஒளி கிளம்பியபோது பிரபஞ்சத்துக்கு 30 கோடி வயதுகூட ஆகவில்லை. விரிவில் இழுபட்டு அதன் 88 மைக்ரோமீற்றர் கோடு 1.34 மில்லிமீற்றராக வருகிறது. சிலியின் வறண்ட மேட்டிலுள்ள அல்மா வானொலித் தொலைக்காட்டி அதைத் தரையிலிருந்தே பிடித்துவிட்டது. அதன் பச்சைக் கோடோ 7.6 மைக்ரோமீற்றருக்குப் போய் வெப்பின் எல்லைக்குள் விழுகிறது. இரண்டும் கையில் இருந்து, அடர்த்தியும் ஓரளவு தெரிந்தால், அவற்றின் விகிதமே வெப்பநிலையைச் சொல்லிவிடும், 436.3ஐத் தேடவேண்டியதில்லை.

மாணவிக்கு மாக்கரியன் 71ஐத்தான் கொடுத்திருக்கிறேன். ஹேர்ஷெல் தரவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. போன சனிக்கிழமை அவள் மடிக்கணினியில் 88 கோட்டின் முகட்டை விரலால் தொட்டுக் காட்டினாள். இனி 52.