‘உக்கும்’ பொருட்களும் கொம்போஸ்ட் பீப்பாவும்: மலைநாட்டுக் குளிரில் எது தேறும்?

இலங்கை மலைநாட்டில் அட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை என்று எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் பச்சை இலைப் படம் அச்சிட்ட பொருட்கள் கண்ணில் படுகின்றன. உக்கும் பை, மூங்கில் பல்தூரிகை, பாக்கு மட்டைத் தட்டு, முக்கோணத் தேயிலைப் பை. இவற்றோடு வீட்டுத் தோட்டத்துக்கான கொம்போஸ்ட் பீப்பா. இவற்றை வாங்குவது இயற்கை மீதுள்ள அக்கறையா, புது நாகரிகமா என்று பலர் கேட்கிறார்கள். வாங்குபவரின் மனதைத் துருவிப் பார்த்து இதற்கு விடை காண முடியாது. பயன்படுத்தி முடிந்த பிறகு பொருள் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தால் போதும். ஆகவே இங்கே அளவுகோல் ஒன்றுதான்: மலைநாட்டு வீட்டுத் தோட்டத்தில் போட்டால் இது மண்ணாகுமா?

நமது குளிர் இந்த அளவுகோலைக் கடுமையாக்குகிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். ‘உக்கும்’ பொதிகளுக்கு ஐரோப்பா வைத்திருக்கும் தரம் ஈஎன் 13432. ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆனால் அந்தச் சோதனை நடப்பது 58 பாகை அளவுச் சூட்டில். பெரிய கொம்போஸ்ட் ஆலைகளில்தான் அந்தச் சூடு தொடர்ந்து இருக்கும். வீட்டுக் கொம்போஸ்டுக்கென அவுஸ்திரேலியா வகுத்த ஏஎஸ் 5810 தரம்கூட 20 முதல் 30 பாகை வரையிலான சூட்டைத்தான் கணக்கில் எடுக்கிறது. கந்தப்பளையில் நிழலில் நிற்கும் ஒரு பீப்பாவுக்கு அதுவும் பல மாதங்களில் எட்டாது. பையில் அச்சிட்டது பொய் இல்லை. அது வேறொரு தட்பவெப்பத்துக்கான உண்மை.

முதலில் பீப்பா. இந்த வரிசையில் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது இதுதான், நடத்தத் தெரிந்தால். மேலே மூடியும் கீழே சிறு கதவும் வைத்த, அடியில்லாத வார்ப்புப் பீப்பா ஒரு வகை. 200 லீற்றர் நீலப் பீப்பாவில் துளை போட்டது இன்னொரு வகை. நீலப் பீப்பா வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பூச்சிநாசினியோ இரசாயனமோ ஏற்றி வந்ததென்றால் வேண்டாம். துளைகள் 10 முதல் 12 மில்லிமீற்றர் அகலத்தில், சுற்றிவர 15 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக, அடியிலிருந்து மேல்வரை இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் வீட்டிலேயே துளைத்துக்கொள்ளலாம். அடியில்லாத பீப்பாவின் கீழே அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை கட்டாயம். இல்லாவிட்டால் எலி கீழாகக் குடைந்து வரும்.

வைக்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கண்ணில் படக்கூடாதென்று வீட்டின் பின்புறம், மண்மேட்டு நிழலில், கானுக்கு, அதாவது வடிகாலுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள். காலை வெயில் படும் இடம் வேண்டும். பீப்பாவிலிருந்து கசியும் கறுப்புத் தண்ணீர் கானில் இறங்கினால் நேரே ஓடைக்குப் போகும். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேற்புறம் வைக்கவே கூடாது.

நிரப்பும் முறை இது. அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் மிலாறு, அதாவது கவாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி பரப்புங்கள். காற்று அதன் வழியாகத்தான் மேலே ஏறும். பிறகு ஒரு பாத்திரம் சமையலறைக் கழிவுக்கு அதே பாத்திரத்தால் இரண்டு பங்கு காய்ந்த பொருள். சவுக்கு இலை, வெட்டிக் காயவைத்த மானாப்புல், கிழித்த காட்போட் எல்லாம் ஆகும். டர்பன்டைன் (யூக்கலிப்டஸ்) இலையும் பைனஸ் இலையும் எண்ணெயும் பிசினும் உள்ளவை. கொஞ்சமாகக் கலக்கலாம், அதையே நம்பியிருந்தால் உக்கல் நின்றுவிடும். இரண்டு மூன்று அடுக்குக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி தோட்டத்து மண். காபனும் நைதரசனும் 25 முதல் 30க்கு ஒன்று என்ற அளவில் இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். காய்ந்த பொருளை இரட்டிப்பாகப் போடச் சொல்வது அதற்காகத்தான். தேயிலைச் சக்கையில் நைதரசன் அதிகம், ஈரமும் அதிகம். அதைக் காய்ந்த பொருளாகக் கணக்கிட்டு ஏமாற வேண்டாம்.

வாரம் ஒருமுறை இரும்புக் கம்பியால் குத்திக் கிளறுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் வர வேண்டும். தண்ணீர் ஒழுகினால் காய்ந்த இலை போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே காற்று இல்லை. மூக்கை எரிக்கும் அமோனியா வாடை வந்தால் பச்சைக் கழிவு கூடிவிட்டது. எறும்பு புற்று வைத்தால் காய்ந்துவிட்டது. முதல் மூன்றுக்கும் மருந்து காய்ந்த இலையும் கிளறலும்தான். ‘கொம்போஸ்ட் போட்டோம், நாறியது, விட்டுவிட்டோம்’ என்பவர்களிடம் பீப்பா இருந்திருக்கும், பக்கத்தில் ஒரு சாக்குக் காய்ந்த இலை இருந்திருக்காது. மீன் முள், இறைச்சி, சோறு, தேங்காய்ப்பால் கறி எதுவும் உள்ளே போகக்கூடாது. எலியும் காட்டுப்பன்றியும் அந்த வாசனைக்குத்தான் வருகின்றன.

இந்தப் பீப்பாவின் பெரிய குறை அதன் அளவு. கொம்போஸ்ட் குவியல் தன் சூட்டைத் தானே காக்க ஏறத்தாழ ஒரு கன மீற்றர், அதாவது 1,000 லீற்றர் வேண்டும். இது அதில் ஐந்தில் ஒன்று. உள்ளே 55 பாகை வருவது அபூர்வம். தாழ்நிலத்தில் மூன்று மாதத்தில் முடிவது இங்கே ஐந்தாறு மாதம் இழுக்கும். சுற்றிவரப் பழைய சாக்குக் கட்டி, துளைகளை மட்டும் திறந்து விட்டால் கொஞ்சம் உதவும். சூடு ஏறாததால் களை விதையும் நோய்க் கிருமியும் சாகாது. வேர்முடிச்சு நோய் வந்த கோவாவின் (முட்டைக்கோஸ்) வேரையும் கருகல் பிடித்த உருளைக்கிழங்குச் செடியையும் உள்ளே போட்டால், அடுத்த பாத்திக்கு நோயைக் கையால் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகும். வேர்முடிச்சின் வித்திகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அடுப்புச் சாம்பலை அளவாகப் போடுங்கள். சாம்பல் மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்கும். கோவாப் பாத்திக்கு அது நல்லது, அமில மண்ணை விரும்பும் தேயிலைக்கு ஆகாது.

நிரம்ப மாதங்கள் ஆகும், உக்கவும் மாதங்கள் ஆகும். ஆகவே ஒரு பீப்பா ஒரு குடும்பத்துக்குப் போதாது. ஒன்று நிரம்பும்போது மற்றது உக்க வேண்டும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை, சொல்லியே ஆக வேண்டும்.

வீட்டு மரக்கறிப் பாத்திக்கு இந்தப் பசளை மிக நல்லது. ஆனால் இதை வைத்து மலையையே மாற்றிவிடலாம் என்ற பேச்சுக்கு நாம் கொடுத்த விலை பெரிது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, ஆண்டு முடிவதற்குள் தடை விலக்கப்பட்டது. 2021இல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது. கணக்கு எளியது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். 100 கிலோ நைதரசனுக்கு 217 கிலோ யூரியா போதும். ஒரு சதவீத நைதரசன் உள்ள கொம்போஸ்ட் என்றால் 10 தொன் வேண்டும். அதிலும் முதல் ஆண்டில் செடிக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். அந்தப் 10 தொன்னையும் செங்குத்தான மலையில் ஒருவர் தலையிலோ முதுகிலோ சுமந்து ஏற வேண்டும். சேதனப் பசளை என்ற சொல்லை ஒரே நாளில் சட்டமாக்கியவர்கள் அந்தச் சுமையை நினைத்துப் பார்க்கவில்லை. கொழுந்து குறைந்தபோது பேர், அதாவது முழு நாள் வேலைக் கணக்கு, குறைந்தது, கைக்கு வந்த சம்பளம் குறைந்தது.

உக்கும் பைக்கு வருவோம். கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரலில் சரிந்த பிறகு, அந்த ஆண்டு செப்டெம்பர் முதல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீன் தடைசெய்யப்பட்டது. 2025 நவம்பர் முதல் கடைகள் கைப்பிடிப் பைகளை இலவசமாகக் கொடுக்கவும் முடியாது. இந்த இடைவெளியில்தான் பச்சைப் பைகள் நுழைகின்றன. அவற்றில் ‘ஒக்ஸோ’ என்று எழுதியிருந்தால் தொட வேண்டாம். அது சாதாரண பொலித்தீனில் உலோக உப்புச் சேர்த்தது. வெயிலில் நொறுங்கிப் பொலித்தீன் துணுக்காகவே மண்ணில் தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த சட்டப்படி அதை விலக்கிவிட்டது. மாச்சத்தும் பிபிஏடி, பிஎல்ஏ போன்ற உக்கக்கூடிய பிளாஸ்டிக்குகளும் கலந்த பை வேறு. தடவினால் மெழுகு போல மென்மையாக இருக்கும். ஆலைச் சூட்டில் உண்மையாகவே உக்கும். ஆனால் நமது பீப்பாவில் போட்டால் மாதக்கணக்கில் கம்பியைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். ‘வீட்டுக் கொம்போஸ்ட்’ என்று தனியாகக் குறித்திருந்தால் மட்டும், சின்னத் துண்டாக வெட்டிப் போட்டுப் பார்க்கலாம். வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் மாச் சாக்கைத் தைத்த பை இவை எல்லாவற்றையும் வெல்லும். அதற்குப் புதிதாக எதுவும் விளைய வேண்டியதில்லை. புதுப் பருத்திப் பைக்கு அந்தப் பெருமை இல்லை. காலநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கிட்டாலே, ஒரு பிளாஸ்டிக் பையை ஈடுகட்டப் பருத்திப் பையை 52 தடவையாவது பயன்படுத்த வேண்டும் என்று டென்மார்க் அரசின் 2018 ஆய்வு சொன்னது.

முக்கோணத் தேயிலைப் பை பெரும்பாலும் நைலோன் அல்லது பிஎல்ஏ வலை. இரண்டும் பீப்பாவில் தேறாது. சாதாரணக் கடதாசிப் பையிலும் ஓரத்தைச் சூட்டால் ஒட்டியிருந்தால் பொலிபுரொப்பிலீன் இழை கலந்திருக்கும் என்றே கொள்ளலாம். மடித்து நூலாலோ கம்பியாலோ பிணைத்ததில் அந்தத் தேவை குறைவு. தேயிலை விளையும் இடத்தில் இருந்துகொண்டு இதற்குக் கூடக் காசு கொடுக்கக் காரணமே இல்லை. தூளும் வடியும் போதும், சக்கை முழுவதும் பீப்பாவுக்கு.

பாக்கு மட்டைத் தட்டு தேறுகிறது. பசையில்லாமல் சூட்டில் அழுத்திச் செய்வதால் உள்ளே ஒளிந்திருக்க எதுவுமில்லை. முழுதாகப் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், நனைத்து மூன்று விரற்கடைத் துண்டாக உடைத்துப் போடுங்கள். மழைக்காலத்தில் கட்டோடு வாங்கி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், வெயிலில் காயவைத்துத்தான் எடுக்க வேண்டும். கடதாசிக் கோப்பையை இதோடு சேர்த்துக் கணக்கிடாதீர்கள். அதன் உட்புறத்தைக் கிழித்துப் பாருங்கள், பொலித்தீன் தோல் தனியாக உரிந்து வரும்.

மூங்கில் பல்தூரிகையின் பிடி உக்கும், மயிர் நைலோன். குறடால் மயிரைப் பிடுங்கிய பிறகே மண்ணில் புதைக்கலாம்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் குப்பை எரிவதையும் ஓடையில் கிடப்பதையும் பார்த்து, அங்குள்ளவர்களுக்கு அக்கறை இல்லை என்று பேசுவது அநியாயம். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும் வரை, தோட்டங்களுக்குள் சபைகள் சேவை செய்யச் சட்டமே தடையாக இருந்தது. லொறி வராத இடத்தில் உக்காத குப்பைக்கு வேறு வழி என்ன? அந்த ஓடைகள்தான் கொத்மலை ஓயாவாகவும் மஸ்கெலி ஓயாவாகவும் இறங்கி, மகாவலிக்கும் களனிக்கும் போகின்றன. பச்சைப் பைக்குக் கொடுக்கும் காசைவிட, லயத்துக்கு இரண்டு பீப்பாவும் கம்பிவலையும் வாங்க ஐந்தாறு குடும்பம் சேர்ந்து போடும் காசு அதிக வேலை செய்யும்.

தொடங்குவதானால் இலையை முதலில் சேருங்கள். அட்டன், தலவாக்கலைப் பக்கம் மே மாதக் கடைசியில் மழை இறங்குமுன், சித்திரைக்குள் நான்கு சாக்காவது காய்ந்த சவுக்கு இலை கட்டி நனையாத இடத்தில் வைக்க வேண்டும். பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வறண்ட காலம். அங்கே அப்போது கட்டுங்கள்.