விக்டோரியா காலத்துச் சுவர்: சுண்ணாம்புப் பூச்சா, சிமெண்ட் பூச்சா?

சென்னை விக்டோரியா ஹால் காலத்துப் பொதுமண்டபங்களும், பாளையங்கோட்டையில் இன்றும் நிற்கும் அந்நாளைய கட்டடங்களும் பெரும்பாலும் செங்கலைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியவை. பூச்சு உதிர்ந்தால் எதை வைத்துப் பூசுவது?

சிமெண்டில் வேலை வேகம். ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் சேர்த்த கலவை மறுநாளே இறுகிவிடும். ஏழு நாள் தண்ணீர் விட்டால் போதும். கோளாறு பிறகுதான். அடியிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சுக்குப் பின்னால் தங்கும். அதிலுள்ள உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிந்து அதைப் பொடியாக்கும். பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்போது செங்கல்லின் முகமும் கூடவே வரும்.

சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், ஆனால் அவசரம் ஆகாது. நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது 15 நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு ஆற்று மணல் சேர்த்து அரைக்க வேண்டும். உப்புள்ள கடல் மணல் கூடவே கூடாது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறி நொதித்த நீரைச் சேர்ப்பது பழைய வழக்கம். கருப்பட்டிக்குத்தான் உடன்குடி இருக்கிறதே! ஒரு பூச்சு 12 மி.மீ.க்கு மேல் கனத்தால் வெடிக்கும். ஆனி, ஆடிக் காற்றில் மேல்பரப்பு முந்திக் காய்ந்துவிடும், ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். ஐப்பசி மழைக்குள் கடைசிப் பூச்சும் இறுகியிருக்க வேண்டும்.

செலவும் நாளும் கூடும். இருந்தும் பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான். சிமெண்டைப் பிற்காலத்தில் ஒட்டிச் சேர்த்த கழிப்பறைச் சுவரோடு நிறுத்திக்கொள்ளலாம்.